ஆறு

காலை ஏழரைக்கு உள்ளே போனேன்,
பின்னேரம் மூன்றரைக்கு வெளியே விட்டார்கள்.
குடலிறக்கம். இடப்பக்கம். நாலு விரல் நீளத்துக்குத் தையல்.
பாண் தட்டுத் தூக்கித் தூக்கி வந்தது,
ஆறு கிழமைக்கு ஒன்றும் தூக்காதேயுங்கோ
என்றார் டொக்டர் ஷிஃபானா.
ஆறு கிழமைக்கு என் ஓட்டோ பாடாது.
உப்புவெளி ஒழுங்கைகளில் பிள்ளைகள்
சீனிச்சம்பல் பணிசுக்குக் காதைத் தீட்டி ஏமாறும்.

மருந்து கொடுக்கும் யன்னலில் மூன்று கடதாசி உறை.
முதலாவதில் பனடோல்: ஆறு மணிக்கொருக்கா இரண்டு.
அடுத்ததில் இபுபுரோபன்: சாப்பிட்ட பிறகுதான்.
மூன்றாவதை அந்தப் பெடியன் உடனே தரவில்லை.
விரலால் ஒருதரம் தட்டினான்.
"இது ட்ரமடோல். முதல் இரண்டும் கேக்காட்டி மட்டும்.
வீட்டில வளர்ந்த பிள்ளையள் இருக்கோ?"
இருக்கு, பதினாறு வயதில் ஒன்று.
"அப்ப பூட்டி வையுங்கோ."
உறையின் மேல் நீலப் பேனையால் ஒரே சொல்: ஆறு.
எண்ணோ, ஏவலோ.

நஸ்மியின் ஓட்டோவில் வீடு.
பஸ் நிலையத்தடியில் மான்கள் வழி மறித்து
வாழைப்பழத் தோல் மென்றன.
நஸ்மி ஹோன் அடிக்கவில்லை.
மான் பாய்ந்தால் பிரேக், பிரேக் பிடித்தால் உன்ர தையல்
என்று கணக்குச் சொன்னான்.
சிரிக்க வைக்காதே என்றேன்.
சிரிப்பு, இருமல், தும்மல்:
மூன்றும் இப்போது ஒரே கத்தி.

மனுசி மூன்றாம் உறையை இரும்பு அலுமாரியில்
காணி உறுதிக்கும் அடகுச் சீட்டுக்கும் நடுவில் வைத்துத்
திறப்பைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள்.
மகனுக்குப் பயந்து பூட்டினாள்.
எனக்குப் பயந்து பூட்டு என்று நான் சொல்லவில்லை.

பதினேழு வயதில், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால்,
ஒரு பள்ளிக்கூடம். வாங்குகளைச் சேர்த்துக் கட்டில்.
தொடைக்குள் இரும்புத் துண்டு.
முகம் நினைவில்லாத ஒரு தாதி
மோர்பின் என்று சொல்லி ஊசி ஏற்றினாள்.
கொஞ்ச நேரத்தில் கரும்பலகை இளகியது,
தொடை வேறு யாருடையதோ ஆனது.
அந்த வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த
ஒரே நல்ல மணித்தியாலம் அது.
மருந்து என்னோடு முடிந்துவிட்டது.
அடுத்த வாங்கில் கிடந்தவர் விடியும்வரை கத்தினார்.
எனக்குக் கேட்டது.
கவலைப்பட முடியவில்லை.
இன்றைக்கும் தழும்பைத் தேடித்தான் பார்க்கவேண்டும்,
ஊசி ஏறிய இடம் தேடாமலே தெரியும்.

முதல் இரவு, பனடோலும் இபுபுரோபனும் மாறி மாறி.
நோ போகவில்லை.
கடன்காரனைப் போல எழும்பிப் போய்ப் படலையடியில் நின்றது.
இரண்டாம் இரவு, ஐஸ் கட்டிய துவாய்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது தையல்வரை வந்தது.
மூன்றாம் இரவு
இருமிவிட்டேன்.
இரண்டு மணி பத்து. அடுத்த பனடோலுக்கு நாலு மணி ஆகவேண்டும்.
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
சுவரும் வியர்த்தது.
சுகிர்தா ஒன்றும் கேட்கவில்லை.
திறப்பு திரும்பும் சத்தம் மட்டும்.

ஒன்று விழுங்கினேன்.
கரும்பலகை வரவில்லை.
வாய் காய்ந்தது, தலை கொஞ்சம் மிதந்தது,
நோ படலையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நித்திரை.
விடியப் பார்த்தால் மனதில் சின்ன ஏமாற்றம்.
இத்தனை வருடம் நான் பயந்தது
இந்த ஏமாற்றத்துக்குத்தான்.
தேத்தண்ணியோடு வந்தவளுக்கு எல்லாம் சொன்னேன்,
வாங்கு, ஊசி, அடுத்தவரின் சத்தம்.
அவள் திறப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் அதே யன்னல்.
பெடியன் இரண்டுதரம் எண்ணினான்.
"ஒண்டு?"
"ஒண்டு."
திரும்பி வரும் மருந்துக்கு
அவனுடைய கொப்பியில் நிரல் இல்லை,
ஓரத்தில் சரித்து எழுதினான்.
வெறும் உறையை என்னிடமே தந்தான்.
வெயிலில் பிடித்து வாசித்தேன்.
ஆறு.